ஓடையும் ஊரும்

புதுக்கோட்டைச் சீமையில் பிறந்து வளர்ந்த மாணவர்களுக்கு 'வாரி' என்னும் சொல் புதியதன்று. மேட்டு நிலத்தில் பெய்த மழையைத் திரட்டிக் கண்மாயில் கொண்டு சேர்க்கும் கால்வாயை வரத்து வாரி என்று வழங்குவது இம்மாவட்டத்து மரபு. அகராதியைப் புரட்டினால் வாரி என்பதற்கு நீர் என்றும், கடல் என்றும், விளைவு என்றும், வருவாய் என்றும் பொருள்கள் கிடைக்கின்றன. நீர் வரும் வழிக்கும் வருமானத்திற்கும் ஒரே பெயரிட்ட மக்கள், இரண்டும் ஒன்றே என்பதை அறிந்துதான் அவ்வாறு செய்திருக்கவேண்டும்.

ஊருக்குள் ஓடும் ஒரு சிறு நீரோடை எவ்வாறு சாக்கடையாகிறது, அவ்வாறு ஆனதை மீட்க இயலுமா என்பதே இன்று நாம் ஆராய விருப்பது. இதற்கு விடை தேடி நெடுந்தொலைவில் உள்ள ஜெர்மனி நாட்டுக்கும் செல்லவேண்டியிருக்கிறது. அதற்குமுன் நம் வீட்டு முற்றத்தைச் சற்றுப் பார்த்துக்கொள்வோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் நீர் செல்லும் பேராறு கிடையாது. தெற்கு வெள்ளாறு இம்மாவட்டத்தின் குறுக்கே கிழக்கு நோக்கி ஓடிக் கடலைச் சேருகிறது. வரலாற்றில் அதற்குப் பெருமை உண்டு. வடகரையைக் கோனாடு என்றும், தென்கரையைக் கானாடு என்றும் பிரித்து, சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாக நின்ற ஆறு அது. ஆயினும் மழை பெய்தால் வெள்ளம், பெய்யாவிட்டால் வெறும் மணல். ஆகவே இந்நிலத்தார் ஆற்றை நம்பி இராமல் வானத்தை நம்பினர். வானம் தருவதைத் தேக்கிவைக்கக் கண்மாய்களையும் ஏந்தல்களையும் ஊருணிகளையும் ஆயிரக்கணக்கில் வெட்டினர்.

அவற்றுள் குமிழித் தூம்பு என்னும் அமைப்பை மாணவர்கள் நேரில் சென்று பார்க்கவேண்டும். கரையிலிருந்து சற்று உள்ளே, நீர் நிற்கும் இடத்தில், இரண்டு உயரமான கற்றூண்களை நாட்டிக் குறுக்கே கல் பாவியிருப்பார்கள். அடியில் ஒரு கற்றொட்டி. தொட்டியின் மேல்மூடியில் உள்ள துளையை அடைப்பானால் மூடி, அதனைத் தூணிடையே செல்லும் தண்டோடு இணைத்துவைப்பார்கள். தண்டை உயர்த்தினால் நீர் துளைவழியே இறங்கி, கரைக்கு அடியிலுள்ள கால்வழியாக வயலுக்குப் போகும். இதில் வியப்பு எங்கே என்றால், தொட்டியின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு துளைகளில்தான் இருக்கிறது. அவற்றிற்குச் சேறோடி என்று பெயர். நீர் பாயும் வேகத்தில் அடியிலுள்ள வண்டலும் சிறிது சிறிதாக இழுக்கப்பட்டு வயலுக்குச் சென்றுவிடும். வயலுக்கு உரம், கண்மாய்க்குத் தூர் குறைவு. இத்தூண்கள் சிலவற்றில் அரசன் பெயரும், தூம்பு அமைத்துக் கொடுத்தவர் பெயரும் பொறிக்கப்பட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கும்படி நிற்கின்றன.

சித்தன்னவாசல் ஓவியத்தை நீங்கள் அறிவீர்கள். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் தீட்டப்பெற்றதாகக் கருதப்படும் அந்த விதானத்தில் சமண ஓவியன் வரைந்தது ஒரு தாமரைப் பொய்கை. மீனும், அன்னமும், எருமையும், யானையும், மலர் கொய்யும் மனிதரும் ஒரே நீரில் இருக்கின்றனர். சமய நோக்கில் அதற்குத் தனிப்பொருள் கூறுவர். எனினும் தாமரை இலை காற்றில் மடங்குவதையும், மொட்டு நீருக்குமேல் எழுவதையும் அத்துணை நுட்பமாகத் தீட்டியவன் நல்ல குளத்தைப் பலகாலும் பார்த்தவனாகவே இருந்திருப்பான் என்பது என் எண்ணம்.

இனிப் புதுக்கோட்டை நகருக்கு வருவோம். 1878-ஆம் ஆண்டில் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார், 1894-ஆம் ஆண்டு வரை இச்சமஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருந்தார். நகரின் தெருக்களைச் சீர்படுத்தியதோடு குளங்களைத் துப்புரவு செய்ததும் அவர் காலத்துப் பணிகளில் சேரும். சாந்தநாதர் கோயிலை அடுத்த பல்லவன் குளம், புதுக்குளம் முதலிய நீர்நிலைகள் நகரத்தின் அழகுக்காக மட்டும் இருந்தவை அல்ல. மழைநீர் ஒரு குளத்தில் நிறைந்து, மறுகால் பாய்ந்து, வாரி வழியே அடுத்த குளத்திற்குச் செல்லும் தொடரமைப்பில் அவை கண்ணிகள். குழாயில் காவிரி நீர் வராத காலத்தில் அக்கண்ணிகள்தாம் ஊரின் உயிர்.

1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. 1974-ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆயிற்று. 2024-ஆம் ஆண்டில் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. ஊர் வளர்ந்தது; வீடுகள் பெருகின; குழாயில் குடிநீர் வந்தது. வந்த நாளிலிருந்து குளத்தின்பால் இருந்த கவனம் தளர்ந்தது. குடிக்காத நீரை எவரும் காவல் காப்பதில்லை அன்றோ? வாரியின் ஓரத்தில் ஒரு சுவர் எழுந்தது. பிறகு அதன்மேல் ஒரு கற்பலகை. பிறகு ஒரு கடை. வீட்டுக் கழிவுநீருக்கு வேறு வழி இல்லாதபோது, பக்கத்தில் இருந்த பள்ளமே வழியாயிற்று. புதுக்கோட்டைக்கு மட்டும் உரிய கதை அன்று இது. தமிழ்நாட்டின் எந்த நகரத்திற்குப் போனாலும் மழைநீர்க் கால்வாய் என்று பெயர் பெற்றிருப்பது, கோடையிலும் ஓடிக்கொண்டிருக்கக் காணலாம். மழையற்ற சித்திரையில் மழைநீர்க் கால்வாய் ஓடினால், அதில் ஓடுவது என்ன என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இந்நோய் எவ்வளவு முற்றக்கூடும், முற்றியபின் மருத்துவம் உண்டா என்பதை அறியவே ஜெர்மனிக்குப் போகவேண்டும் என்றேன்.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் ரூர் என்பது ஒரு நிலக்கரிப் பிரதேசம். டார்ட்மண்ட், எஸ்ஸன், கெல்சன்கிர்கன் முதலிய நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் இடம். இதன் நடுவே எம்ஷெர் என்ற சிற்றாறு ஏறத்தாழ 83 கிலோமீட்டர் ஓடி ரைன் நதியில் கலக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது புல்வெளிகளிடையே வளைந்து வளைந்து சென்ற சோம்பலான ஆறு. பின்னர் நிலக்கரிச் சுரங்கங்கள் வந்தன, உருக்காலைகள் வந்தன, தொழிலாளர் இலட்சக்கணக்கில் குடியேறினர். அனைவருடைய கழிவும் ஆற்றில் விழுந்தது.

இங்கே ஒரு வினா எழும். மற்ற நகரங்களைப் போல நிலத்தடியில் குழாய் பதித்துக் கழிவுநீரைக் கொண்டுபோயிருக்கக்கூடாதா? கூடாது, காரணம் சுரங்கம். பூமிக்குள்ளிருந்து கரியை எடுத்துவிட்டால் மேலேயுள்ள நிலம் மெல்ல அமிழ்கிறது. சில இடங்களில் 20 மீட்டருக்குமேல் அமிழ்ந்ததுண்டு. இத்தகைய நிலத்தில் குழாய் பதித்தால் அது முறிந்துபோகும். முறிந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆறும் தன் சரிவை இழந்து பின்னோக்கித் தேங்கியது. வெள்ளமும் தொற்றுநோயும் வாட்டின.

1899-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் அப்பகுதி நகரங்களும், சுரங்க நிறுவனங்களும், ஆலைகளும் கூடி எம்ஷெர் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவின. யார் எவ்வளவு கழிவு விடுகிறாரோ, யாரால் எவ்வளவு கேடு விளைகிறதோ, அதற்கேற்ப அவர் பணம் செலுத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை. 1904-இல் பிரஷிய அரசு இதற்குத் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் அச்சங்கம் செய்த முடிவு நம்மைத் திடுக்கிட வைக்கும். தெற்கே ஓடும் ரூர் ஆறு குடிநீருக்கு, எம்ஷெர் கழிவுக்கு. ஓர் ஆற்றைக் காப்பதற்காக மற்றோர் ஆற்றைப் பலியிட்டார்கள். எம்ஷெரும் அதன் கிளையோடைகளும் நேராக்கப்பட்டு, கான்கிரீட் பலகைகளால் தளமிடப்பட்டன. நிலம் அமிழ அமிழக் கரைகளை உயர்த்தினர். நிலம் அமிழ்ந்ததால் ஆறு ரைனில் கலக்கும் இடத்தையே 1910-லும் 1949-லும் வடக்கே தள்ளிவைக்கவேண்டியிருந்தது. கரைநெடுக வேலியும் எச்சரிக்கைப் பலகையும். வழுக்கும் சரிவில் விழுந்தவர் ஏறிவருவது அரிது. மூன்று நான்கு தலைமுறைகள் தம் ஊரில் ஓர் ஆறு இருக்கிறது என்பதை மூக்கால் மட்டுமே அறிந்திருந்தன.

அக்காலத்து அறிவுக்கும் தேவைக்கும் அது அறிவீனமான முடிவு அன்று என்பதையும் கூறவேண்டும். மனித உயிர்கள் காக்கப்பட்டன. ஆயினும், தற்காலிகம் என்று நினைத்துச் செய்யும் ஏற்பாடு எத்துணை நீண்டுவிடுகிறது என்பதற்கு இது சான்று. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு!

1980-களில் சுரங்கத் தொழில் வடக்கே நகர்ந்தும் குறைந்தும் போயிற்று; எம்ஷெர் பகுதியில் நிலம் அமிழ்வது பெரும்பாலும் நின்றது. நிலம் நிலைபெற்றதும் நிலத்தடிக் குழாய் இயல்வதாயிற்று. 1992-ஆம் ஆண்டில் மீட்புப் பணி தொடங்கியது. அவர்கள் முதலில் என்ன செய்தார்கள் என்பதை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். பூங்கா அமைக்கவில்லை, படகு விடவில்லை, கரையில் மரம் நடவில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டினார்கள். பிறகு டார்ட்மண்டிலிருந்து டின்ஸ்லாகன் வரை 51 கிலோமீட்டர் நீளத்திற்கு ஆற்றோடு இணையாக, பூமிக்கடியில், பெருங்குழாய் ஒன்றைப் பதித்தார்கள்.

அக்குழாயில் ஒரு கணக்கு இருக்கிறது. கணிதம் பயில்வோர் விரும்புவர். கழிவுநீர் தங்காமல் தானே ஓடவேண்டுமானால் கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சரிவு வைக்கவேண்டும். 51 கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் என்று பெருக்கிப் பாருங்கள்: 76 மீட்டருக்குமேல் வருகிறது. மேலே நிலமோ ஏறத்தாழ மட்டம். குழாய் ஆழத்திற்குள் போய்க்கொண்டே இருந்தால் முடிவில் அதிலிருந்து நீரை எப்படி எடுப்பது? ஆகவே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்தை எட்டும் அளவில் கெல்சன்கிர்கன், போட்ராப், ஓபர்ஹௌசன் ஆகிய இடங்களில் நீரை மேலே தூக்கிவிடும் நிலையங்களை அமைத்தனர்.

கழிவு தனி வழியில் போன பின்னரே ஒவ்வொரு கிளையோடையாக எடுத்துக் கான்கிரீட் பலகையைப் பெயர்த்தார்கள். இடம் உள்ளவிடத்தில் வளைவுகளை மீண்டும் விட்டார்கள். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் எம்ஷெர் ஆற்றில் கழிவுநீர் விழுவது நின்றது. செலவு சுமார் 550 கோடி யூரோ. காலம் ஏறத்தாழ 30 ஆண்டுகள். 1992-இல் மண்வெட்டி எடுத்த இளம் பொறியாளர் 2021-இல் ஓய்வு பெறும் வயதினர்.

எம்ஷெர்க் குரோப்பை என்று ஒரு சிறு மீன் உண்டு. ஆறு முழுவதும் சாக்கடையான காலத்தில், கழிவு எட்டாத ஒரு கிளையோடையின் தலைப்பகுதியில் அந்த இனம் ஒதுங்கிப் பிழைத்திருந்தது. ஓடைகள் தூய்மையானதும் அங்கிருந்து எடுத்து மற்ற ஓடைகளில் விட்டனர். சிறிதளவேனும் கெடாத பகுதி ஒன்று எஞ்சியிருந்ததால் அது இயன்றது. டார்ட்மண்டில் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்ட உருக்காலை ஒன்றின் இடத்தில் பீனிக்ஸ் ஏரி என்னும் 24 ஹெக்டேர் ஏரி வெட்டப்பட்டு, 2010-இல் நீர் நிரப்பப்பெற்றது. அதன் பக்கத்தில் இன்று எம்ஷெர் நல்ல நீராக ஓடுகிறது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று எண்ணிவிட வேண்டா. ரூர்ப் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. எனினும் அமிழ்ந்த நிலம் எழப்போவதில்லை. எம்ஷெர் வடிநிலத்தின் கணிசமான பகுதியில் எந்திரங்கள் இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் வீடுகள் நீரில் மூழ்கும். முடிவற்ற இந்தச் செலவை 'நித்தியச் சுமை' என்ற பொருள்படும் சொல்லால் அந்நாட்டார் குறிக்கின்றனர். அதற்காகவே 2007-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினர். கரி எடுத்தது சுமார் 150 ஆண்டுகள். நீர் இறைப்பதற்கோ ஆண்டுக் கணக்கே இல்லை. நெய்வேலிக்குச் சுற்றுலா சென்ற மாணவர்கள், பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றுநீரை ஓயாமல் இறைப்பதைக் கண்டிருப்பீர்கள். சுரங்கத்திற்கும் நீருக்கும் உள்ள வழக்கு நம் நாட்டிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது கூவத்தை எண்ணிப்பாருங்கள். அண்ணா அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் கூவத்தைச் சீர்ப்படுத்தும் திட்டம் தொடங்கப்பெற்றது. கரைகள் செப்பனிடப்பட்டன, படகுத்துறைகள் கட்டப்பட்டன, 1970-களின் தொடக்கத்தில் படகுகளும் விடப்பட்டன. சில காலத்தில் படகுகள் நின்றன. துறைகள் மட்டும் நின்றுபோயின. நோக்கத்தில் குறை இல்லை. உழைப்பிலும் குறை இல்லை. கழிவுநீர் வருவது நிற்பதற்கு முன்னே படகு வந்துவிட்டது. ஜெர்மானியர் பணம் மிகுந்தவர், நாம் அவர்களைப் போலச் செய்யமுடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் கூறுவது இது: அவர்களிடமிருந்து நாம் கடன் வாங்கவேண்டியது செலவை அன்று, வரிசையை.

அவ்வரிசையைப் புதுக்கோட்டைக்குப் பொருத்துவோம். ஒரு குளத்தைத் தூர்வாருவது எளிது. எந்திரம் வரும், மண் அள்ளும், சில நாட்களில் பள்ளம் அழகாகத் தெரியும், படமும் எடுக்கலாம். ஆனால் வரத்து வாரி அடைபட்டிருந்தால் அப்பள்ளத்தில் அதன்மேல் நேரே விழும் மழையைத் தவிர வேறொன்றும் சேராது. வாரி திறந்திருந்து அதில் கழிவுநீர் ஓடினாலோ, தூர்வாரிய குளம் முன்னிலும் பெரிய கழிவுநீர்த் தொட்டியாகும். எனவே முதலில் கழிவைத் தனி வழியில் பிரிக்கவேண்டும், அடுத்து வாரியைத் திறக்கவேண்டும், மூன்றாவதாகவே குளம். நாமோ பெரும்பாலும் மூன்றாவதில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறோம்.

வாரியைத் திறப்பது ஏன் கடினம்? அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். வாரியின் கரையில் குடிசை போட்டவர் பெரும்பாலும் வேறிடத்தில் மனை வாங்க வகையற்ற ஏழையர். ஆக்கிரமிப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அச்சொல் நான்கடி குடிசையையும் நான்கு மாடிக் கட்டடத்தையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. குடிசையை அகற்றுவது எளிதாகவும் மாடியை அகற்றுவது அரிதாகவும் இருப்பின், ஓடை பாதிதான் திறக்கும். நியாயம் முழுவதும் அடைபடும். அகற்றப்படுவோருக்கு வேலைக்குப் போய்வரத் தக்க தொலைவில் மாற்று மனை தருவதும் ஓடையை மீட்கும் செலவின் ஒரு பகுதியே என்று கணக்கிடவேண்டும்.

செலவை யார் ஏற்பது என்பது அடுத்த வினா. எம்ஷெர்ச் சங்கத்தின் கோட்பாட்டை முன்னே கூறினேன். நம் நாட்டுக்கும் அது அந்நியமான எண்ணம் அன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. அதன் உறுப்பினர் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நீரைப் பயன்படுத்துவோரே மராமத்தில் பங்கேற்கும் குடிமராமத்து பின்வந்த நூற்றாண்டுகளில் நிலவி, மெல்ல நலிந்தது. அப்பெயரிலேயே தமிழக அரசு 2017-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பழைய குடிமராமத்து வயலுக்கு நீர் பாய்ச்சிய உழவர்க்கு உரியது. நகரத்து ஓடையில் நீர் பாய்ச்சுவோர் யாரும் இலர். கழிவு விடுவோரே உளர். ஆகவே நகரத்துக்கு ஏற்ற ஏரி வாரியம் எவ்வாறு அமையவேண்டும் என்பது இன்னும் விடை காணாத கேள்வி. உங்களுள் சட்டம் பயில்வோரும் பொறியியல் பயில்வோரும் அதனை எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குமுன், எந்தப் பட்டமும் பெறாமல் இவ்வாண்டே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வலுத்ததும், மழை சற்று ஓய்ந்த வேளையில், ஆசிரியர் ஒருவரின் துணையோடு நாலைந்து பேராகச் சேர்ந்து உங்கள் பள்ளிக்கு அருகே ஓடும் நீரைப் பின்தொடர்ந்து செல்லுங்கள். வெள்ளம் பெருகிய இடத்தை நெருங்காமல் கரையில் நின்றே பாருங்கள். அது எந்தத் தெருவில் திரும்புகிறது, எந்தச் சுவரில் முட்டுகிறது, எங்கே மண்ணுக்குள் மறைந்து எங்கே வெளிப்படுகிறது என்று ஒரு காகிதத்தில் கோடிட்டுக்கொள்ளுங்கள். பிறகு அத்தெருவிலுள்ள முதியவர் ஒருவரிடம் அக்கோட்டைக் காட்டி, முன்பு நீர் எந்தக் குளத்திற்குப் போயிற்று என்று கேளுங்கள். பழைய நில அளவைப் படத்தில் வாரிக்குத் தனி எண் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார். மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோடையில், மழையே இல்லாத ஒரு நாளில், அதே வழியில் மீண்டும் ஒருமுறை சென்று, அப்போதும் எந்தெந்த இடத்திலிருந்து நீர் வந்து விழுகிறது என்பதை வேறு வண்ணத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.